90 நாள் எடை: ஜமுனாபாரிக் குட்டியா, கன்னிக் குட்டியா?

கருங்கிடா:
என் கொட்டிலில் மூன்று ஆட்டினம் நிற்கிறது. போன ஈத்துக் குட்டிகளை 90-ஆம் நாள் எடை போட்டேன். ஜமுனாபாரி 14 கிலோ, சேலம் கருப்பு 9.5, கன்னி 8.5. மூன்றுக்கும் ஒரே தீவனம், ஒரே கொட்டில். இறைச்சிக்கு வளர்ப்பவர் இனிமேல் கன்னியைக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம் என்பது என் முடிவு. மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

செங்கன்னி:
மறுப்பு இருக்கிறது தம்பி. அந்த ஜமுனாபாரி ஒற்றையா இரட்டையா, கிடாவா பெட்டையா, தாய்க்கு எத்தனையாவது ஈத்து, இது எதையும் நீங்கள் சொல்லவில்லை. ஒற்றையாகப் பிறந்த கிடாக்குட்டி எந்த இனத்திலும் இரட்டையை முந்தும். தலையீத்து ஆட்டின் குட்டி எந்த இனத்திலும் பிறக்கும்போதே கொஞ்சம் சிறுத்துத்தான் இருக்கும்.

கருங்கிடா:
சரி அக்கா, மறைக்க ஒன்றும் இல்லை. ஜமுனாபாரி ஒற்றைக் கிடா, மூன்றாம் ஈத்து. சேலம் கருப்பு ஒற்றைப் பெட்டை. கன்னி இரட்டை, ஒரு கிடா ஒரு பெட்டை, இரண்டும் ஏறக்குறைய ஒரே எடை. ஆனால் பிறந்த அன்றே ஜமுனாபாரி 3.5 கிலோ, கன்னி 2.2 கிலோ. இந்த வித்தியாசத்தைத் தாய்மடியா கொடுத்தது? இனம்தானே கொடுத்தது?

செங்கன்னி:
பிறப்பு எடையில் இனத்துக்குப் பங்கு இல்லை என்று நான் சொல்லவே இல்லை. வங்காளக் கருப்பாட்டுக் குட்டி ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே பிறக்கும், அதை ஜமுனாபாரியோடு நிறுத்த முடியுமா? நீங்கள் பேசுவது வளர்ச்சியைப் பற்றி. அப்படியானால் பிறப்பு எடையைக் கழித்துவிட்டு நாளால் வகுங்கள். ஜமுனாபாரி 90 நாளில் ஏற்றியது 10.5 கிலோ, நாளைக்கு 117 கிராம் சுமார். கன்னிக் குட்டி ஒவ்வொன்றும் 6.3 கிலோ, நாளைக்கு 70 கிராம். அந்தத் தாய் இரண்டு குட்டியை வளர்த்தாளே, இரண்டையும் கூட்டினால் 140. தாயோ எடையில் ஜமுனாபாரியைவிடச் சிறியவள், தின்பதும் குறைவு.

வேலிமசால்:
கணக்கு சரி, ஆனால் காகிதத்தில் இரண்டு குட்டியும் எப்போதும் பிழைத்துக்கொள்கின்றன. நான் ஒரு இரட்டையில் பார்த்ததைச் சொல்கிறேன். பெரியது ஒரு காம்பைக் குடித்து முடித்துவிட்டு அடுத்த காம்புக்கும் தாவும், சின்னது முட்டி முட்டிப் பார்த்துவிட்டு முதுகைக் கூனிக்கொண்டு ஓரமாக நின்றுவிடும். வயிறு ஒட்டிக்கிடந்தது, வாய்க்குள் விரலை விட்டால் சில்லென்று இருந்தது. பிறந்து ஓரிரு மணி நேரத்துக்குள் அதற்குச் சீம்பால் போகவில்லை. அன்று இரவெல்லாம் கறந்து புகட்டிக் காப்பாற்றினேன், ஆனாலும் அது கடைசிவரை கூடப்பிறந்ததை எட்டவே இல்லை. இந்த ஆபத்தைக் கணக்கில் சேர்க்காமல் 140 என்று சொல்வது எனக்கு ஒப்பவில்லை.

கருங்கிடா:
அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். ஒரு குட்டி போனால் 140 எங்கே, 70 எங்கே?

செங்கன்னி:
போனது தாயின் இனத்தாலா, நம் கவனிப்பாலா? சீம்பால் கொடுப்பது, தொப்புளுக்கு அயோடின் வைப்பது, இரத்தக்கழிச்சலுக்குத் தரையை உலர்வாக வைப்பது, இதெல்லாம் நம் கையில் இருக்கிறது. அப்புறம் இன்னொன்று. ஒரே தீவனம் என்றீர்களே, என்ன தீவனம்?

கருங்கிடா:
மூன்றாம் வாரத்திலிருந்து தாய் நுழைய முடியாத தடுப்புக்குள் குட்டிகளுக்குத் தனியாக அடர்தீவனம். வேலிமசால் தழையும் அகத்தித் தழையும் எப்போதும் தொங்கும்.

செங்கன்னி:
அப்படியா, அப்போது பெரிய உடம்புள்ள இனம் முந்தத்தான் செய்யும், அதற்குத் தின்ன இடம் இருக்கிறது. கன்னி தூத்துக்குடி, விருதுநகர், திருநெல்வேலிப் பக்கத்து வறண்ட நிலத்தில் நடந்து மேய்ந்தே உருவான ஆடு. ஜமுனாபாரி உத்தரப் பிரதேசத்து இட்டாவாப் பக்கம் யமுனை, சம்பல் ஓரத்துப் புதர்களில் தழை கடித்து வளர்ந்தது. அடர்தீவனத்தை நிறுத்திவிட்டு மேய்ச்சலில் மட்டும் விட்டு அதே 90 நாள் எடையைப் போடுங்கள், இடைவெளி இவ்வளவு இருக்காது என்பது என் நம்பிக்கை. கொட்டிலில் வந்த எடையை வைத்து மேய்ச்சல்காரருக்கும் சேர்த்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள்.

வேலிமசால்:
எடை போடும் நேரத்தையும் சொல்லுங்கள் தம்பி. காலையில் வெறும் வயிற்றில் போட்டீர்களா? மாலையில் வயிறு நிறைந்த குட்டியைத் தொங்கு தராசில் மாட்டினால் அரை கிலோ சும்மா ஏறும். கண் மதிப்பை நம்பவே வேண்டாம், கொடி இனத்து ஆட்டுக் குட்டி காலும் கழுத்தும் நீண்டு பெரிதாகத் தெரியும், தராசில் ஏற்றினால் நாம் நினைத்தது வராது.

கருங்கிடா:
காலையில்தான், தண்ணீர் காட்டுவதற்கு முன்னால். அதில் தவறு இல்லை. ஒற்றையை இரட்டையோடு ஒப்பிட்டது தவறு, ஒத்துக்கொள்கிறேன், அதுவும் இனத்துக்கு ஒரு தாயை வைத்து. அடுத்த ஈத்தில் இரட்டைக்கு இரட்டை, கிடாவுக்குக் கிடா என்று காதில் எண் மாட்டிக் குறித்து வைக்கிறேன். ஆனால் ஜமுனாபாரி இரட்டை போட்டாலும் கன்னி இரட்டையைவிட ஒவ்வொரு குட்டியும் கனமாகத்தான் நிற்கும், இதில் நான் இறங்கி வரமாட்டேன்.

செங்கன்னி:
நிற்கட்டும். கூடவே தாயையும் தராசில் ஏற்றுங்கள், ஈன்ற மறுநாள் ஒரு தடவை, 90-ஆம் நாள் ஒரு தடவை. குட்டிக்குப் பால் கொடுத்து அவள் எவ்வளவு இளைத்தாள், அடுத்த சினைக்கு எப்போது வந்தாள் என்பதையும் அதே நோட்டில் எழுதுங்கள்.