விட்சர் 3: நோவிகிராடில் கதை நகரவே இல்லை

பிஎஸ்4-இல் விட்சர் 3 வீடியோ கேம் ஆடுகிறேன், லெவல் 15. பிளடி பேரன் (Baron) என்ற பிரபுவின் கதை வரை ஆட்டம் பிரமாதம். அந்த முரட்டு ஆள் சிசுவைக் கையில் ஏந்தி இருட்டில் நடக்கும்போது கன்ட்ரோலரைக் கீழே வைக்கவே முடியவில்லை. நோவிகிராட் நகரத்தில் ஆளுக்கு ஆள் இன்னொருவரைக் கைகாட்டுகிறார்கள், நான் தேடும் பாடகன் டான்டேலியன் மட்டும் கிடைத்தபாடில்லை. ஹீரோவின் வளர்ப்பு மகள் சிரிக்கு ஆபத்தாம், நானோ க்வென்ட் சீட்டு ஆடிக்கொண்டிருக்கிறேன்!

மேப்பில் பக்க இடங்களைக் காட்டும் கேள்விக்குறிகளை மறைத்துப் பார்த்தேன். மெயின் குவெஸ்ட் (முக்கியக் கதை) மட்டும் ஆடினேன், அடிதான் வாங்கினேன். சரி என்று டிஃபிகல்டியைக் குறைத்தால் சண்டையில் உப்புச்சப்பில்லை. யூடியூபில் பார்த்து முடிக்க மனமில்லை.

ஸ்கெல்லிகே தீவுகளுக்குப் போகும் கப்பலுக்கு 1000 கிரவுன் (ஆட்டக் காசு) கையில் இருக்கிறது. நோவிகிராடைப் பாதியில் விட்டுவிட்டு இப்போதே ஸ்கெல்லிகே போனால் கதை குழம்புமா? முடித்தவர்கள் ஸ்பாய்லர் இல்லாமல் சொல்லுங்கள்.