கலைச்சொல்: ஓட்டோலோகஸ் ஸ்டெம் செல் ட்ரான்ஸ்பிளான்ட் – உதில 'மாற்று' எங்க வருது?

எல்லாருக்கும் வணக்கம்,

நோயாளியளுக்கு நாங்கள் அச்சடிக்கப்போற துண்டுப்பிரசுரத்துக்கு மாஸ்டர் போட்ட தலைப்பை வைச்சே தொடங்கிறன். ஆளின்ர சொந்த ஸ்டெம் செல்லை எடுத்து வைச்சு, பெரிய அளவு கீமோவுக்குப் பிறகு அவருக்கே திருப்பி ஏத்துற வைத்தியத்துக்குத்தான் சொல் தேடுறம்.

> தீவிர நிணநீர்ப் புற்றுநோய்க்கான தீவிர வேதிச்சிகிச்சையும் தன்னியத் தண்டுக்கல மாற்றுச் சத்திரசிகிச்சையும்

மாஸ்டர், இலக்கணத்தில கை வைக்க ஒண்டும் இல்ல, ஆனா தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு கிளினிக் வாற ஒரு அம்மா உந்தத் துண்டுப்பிரசுரத்தைக் கையில வாங்கி வாசிச்சா என்ன விளங்கும் எண்டு ஒருக்கா யோசிச்சுப் பாருங்கோ. முதல் தீவிரம் நோய்க்கு, ரெண்டாவது மருந்துக்கு, போதாததுக்கு ஐசியு வாசல்லயும் அதிதீவிர சிகிச்சைப் பிரிவு எண்டுதான் போர்ட் தொங்குது. மகனை ஐசியுவில போடப்போயினம் எண்டுதான் அவ நினைப்பா.

நோய்க்கு 'விரைவளர்' எண்டு வைப்பம். கழுத்திலயோ கக்கத்திலயோ நெறி கட்டி, கிழமைக் கணக்கில பெருக்கிற வகையைத்தான் சொல்லுறம், பெரியாக்களுக்குக் கூடுதலா வாறது அதில பரவிய பெரும் பி-கல வகை (பி-கலம் எண்டது ஒரு வெண்குழியம்). கனடாத் தம்பி 'மூர்க்க' எண்டு எழுதியிருந்தார். வேண்டாம் ராசா. கலம் பிரியிற நேரத்திலதான் கீமோ அதை நல்லாப் பிடிக்கும், அதால வேகமா வளருற இந்த வகையில கனபேர் ஆர்-சொப் எண்ட மருந்துக் கூட்டோடயே, 21 நாளுக்கு ஒருக்கா ஆறு தரம் ஏத்தி, முழுசாச் சுகமாகினம், மெல்ல வளருற வகைதான் அடங்கிறதும் திரும்ப வாறதுமா இழுபடும். சுகமாக்கக்கூடிய நோய்க்கு மூர்க்கம் எண்டு பேர் வைச்சுச் சனத்தை ஏன் வெருட்டுவான்?

அடுத்தது ஸ்டெம் செல்லுக்குத் தண்டுக்கலம் எண்ட சொல். பாடப்புத்தகத்தில இருக்கு, தெரியும். ஆனா இதே நோயாளியளில சிலருக்கு நோய் மூளைப்பக்கம் போகாம இருக்க முள்ளந்தண்டுக்குள்ளயும் ஊசி போடுறவை. தண்டு எண்ட உடன சனம் நாரியைத்தான் பிடிக்கும், 'தண்டில இருந்து எடுக்கப்போறியளோ, நடக்கேலாமப் போயிடுமோ' எண்டு கேட்ட ஆக்கள் இருக்கினம். குருத்துக்கலம் எண்டு வைச்சா யாழ்ப்பாணத்தில ஒருத்தருக்கும் விளக்கத் தேவையில்ல. பனையில ஓலை எத்தினை வெட்டினாலும் பேந்து வரும், குருத்தை வெட்டினா மரமே போச்சு. என்பு மச்சைக்குள்ள (எலும்புக்குள்ள இருக்கிற மச்சை) இந்தக் கலமும் அப்பிடித்தான், செங்குழியம், வெண்குழியம், சிறுதட்டு எல்லாம் அதில இருந்துதான் வருது.

இனித்தான் முக்கியமான விசயம். மாற்றுச் சத்திரசிகிச்சை எண்டு எழுதினா ரெண்டு பொய் ஒண்டாப் போகுது. ஒருத்தரும் வெட்டுறேல்ல, ஒண்டையும் மாத்துறதும் இல்ல. நடக்கிறது என்னெண்டா, முதல் சில நாள் ஒரு ஊசி போட்டு குருத்துக்கலங்களை மச்சையில இருந்து ரத்தத்துக்கு இறக்கிறது, பிறகு ஆளை மெசினோட இணைச்சு ஒரு குழாயால ரத்தம் போய்ச் சுத்தி, வேண்டிய கலம் மட்டும் பையில சேர மிச்சம் மற்றக் குழாயால திரும்பி உடம்புக்கு வாறது. மணிக்கணக்காப் படுக்கோணும், ரத்தம் உறையாம இருக்கச் சேர்க்கிற மருந்து கல்சியத்தைக் குறைக்கிறதால உதடு விறைக்கும். நிறையில கிலோவுக்கு 20 லட்சம் கலமாவது தேறினா அதைக் குளிரில உறைய வைச்சிடுவினம். அதுக்குப் பிறகுதான் பெரிய அளவு கீமோ, பீம் எண்டு சொல்லுற நாலு மருந்துக் கூட்டு. அது புற்றுநோயையும் அடிக்கும், மச்சையையும் சேர்த்து அடிக்கும். பேந்து அந்தப் பையைக் கட்டிலடியில 37 பாகைத் தண்ணியில இளக்கி, சேலைன் ஏத்துறமாதிரி நரம்பால ஏத்துறது. உறைய வைக்கேக்க சேர்த்த மருந்தால அறை முழுக்க உள்ளி மணம் மாதிரி ஒண்டு அடிக்கும். பத்துப் பதினாலு நாள் போக வெண்குழியக் கணக்கு ஏறத் தொடங்கும், அதுவரைக்கும் காய்ச்சல், வாய்ப்புண், கிருமித்தொற்றுப் பயம் எல்லாம் இருக்கு, லேசான காரியம் இல்ல.

ஆக நோயைக் கொல்லுறது மருந்து. கலம் வாறது மருந்து பிடுங்கினதைத் திருப்பிக் குடுக்க. சொல்லிலயும் அது தெரியோணும். ஆஸ்பத்திரி வோட்டில சனம் கதைக்கிற சொல்லே இருக்கு, ரத்தம் ஏத்தினது, சேலைன் ஏத்தினது. அதால 'மீளேற்றம்'.

> தன்கல மீளேற்றம் எண்டு சுருக்கினா என்ன அண்ணை? வாயில வடிவா நிக்குது.

தங்கச்சி, நிக்குதுதான். ஆனா கார்-டி சிகிச்சையிலயும் ஆளின்ர சொந்த டி-கலத்தைத்தான் (அதுவும் ஒரு வெண்குழியம்) எடுத்து, வெளியில வைச்சு புற்றுநோயை அடிக்கிறமாதிரி மாத்தி, திருப்பி ஏத்துறது. 2022 இல அமெரிக்காவில அதை, முதல் மருந்துக்கு மடங்காத அல்லது ஒரு வருசத்துக்குள்ள திரும்பின பெரும் பி-கல நோய்க்கு ரெண்டாம் கட்டமாவே குடுக்க அனுமதிச்சிட்டினம். நாளைக்கு ரெண்டும் ஒரே பேரில குழம்பும். 'தன்குருத்துக்கல மீளேற்றம்' நீளம்தான், பரவாயில்ல. வேற ஆளின்ர கலம் எண்டா 'கொடைக்குருத்துக்கல ஏற்றம்', அங்க 'மீள்' வராது, வித்தியாசம் தானா விளங்கும்.

பீம், ஆர்-சொப் பேரெல்லாம் தமிழாக்கச் சொல்லி ஒருத்தர் கேட்டிருந்தார். மானிப்பாயில தமிழில வைத்தியம் படிப்பிச்ச அமெரிக்க மிசனரி டொக்டர் கிறீன் காலத்திலயே, 1875 இல வந்த ரசாயன நூலுக்குக் 'கெமிஸ்தம்' எண்டு இங்கிலிஸ் சொல்லை ஒட்டித்தான் பேர். அவையே விட்ட இடத்தில நாங்கள் ஏன் மினைக்கெடுவான்? மருந்துச் சீட்டில இருக்கிற பேர் இருக்கட்டும்.

பிரசுரத்தில இன்னொரு வசனம் கட்டாயம் போடோணும், உது எல்லாருக்கும் முதலாவதாச் செய்யிற வைத்தியம் இல்ல எண்டு. விரைவளர் வகைக்கு எடுத்த உடனயே எல்லாருக்கும் பெரிய அளவு கீமோவும் மீளேற்றமும் செய்தா ஆயுள் கூடுது எண்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பாத்ததில தெரியேல்ல. பலன் தெரிஞ்சது நோய் திரும்பி வந்து, ஆனா கீமோவுக்கு இன்னும் மடங்கிற ஆக்களுக்கு. அப்பிடியான ஆக்களை வைச்சுச் செய்து 1995 இல வந்த, 'பார்மா' எண்டு பேர் வைச்ச ஆய்வில 5 வருசத்தில நோய் திரும்பாம இருந்தவை மீளேற்றப் பக்கம் 46 வீதம், வழக்கமான கீமோப் பக்கம் 12 வீதம். உயிரோட இருந்தவை அதே மாதிரி 53 வீதமும் 32 வீதமும். அது ரிட்டுக்சிமாப் (ஆர்-சொப்பில வாற 'ஆர்') வர முந்தின கணக்கு எண்டதையும் சேர்த்துத்தான் எழுதோணும், இல்லாட்டி வெளிநாட்டில இருந்து காசு அனுப்பிற அண்ணன்மார் 'ஏன் முதல்லயே செய்யேல்ல' எண்டு டொக்டரோட சண்டைக்கு நிப்பினம்.

ஒரு சொல்தான் இன்னும் கிடக்கு. ஏத்தின கலம் மச்சைக்குள்ள போய் வேலை தொடங்கிறதுக்கு 'ஒட்டுகை' எண்டு மாஸ்டர் போட்டிருக்கிறார், எனக்கு 'ஊன்றல்' பிடிச்சிருக்கு. வேற ஆருக்கும் நல்ல சொல் இருந்தா வெள்ளிக்கு முதல் எழுதுங்கோ, அண்டைக்கு அச்சுக்குப் போகுது.