கூட்டுக் கட்டுரையின் மேற்கோள்களை எப்படிக் கணக்கிடுவது?

நண்பர்களே, ஒரு ஆய்வாளரின் பங்களிப்பை மதிப்பிட்டு அறிக்கை எழுதுகிறேன், உங்கள் உதவி தேவை.

2005இல் இயற்பியலாளர் ஹிர்ஷ் முன்வைத்த எச்-இன்டெக்ஸைக் கணக்கிடுவது எளிது: பிற ஆய்வுகளில் தலா பத்து முறையாவது மேற்கோளாகச் சுட்டப்பட்ட கட்டுரைகள் ஒருவருக்குப் பத்து இருந்தால், அவருடைய எண் குறைந்தது பத்து. ஆனால் நூறு பேர் சேர்ந்து எழுதிய கட்டுரையையும் தனியாக எழுதியதையும் அது ஒன்றாகவே எண்ணுகிறது. எனக்கு இது நியாயமாகப் படவில்லை. சரி, மேற்கோள்களை ஆசிரியர் எண்ணிக்கையால் வகுக்கலாம் என்றால், கூட்டாக உழைப்பவருக்கு அது தண்டனை போல ஆகிவிடுகிறது.

அப்புறம், ஆய்வுத் தேடுபொறியான கூகுள் ஸ்காலர் ஆய்வேடுகளையும், இதழில் வரும் முன்பே பகிரப்படும் முன்பதிப்புகளையும் சேர்ப்பதால், ஸ்கோபஸ் என்ற மேற்கோள் தரவுத்தளத்தைவிடப் பெரும்பாலும் அதிக எண் காட்டுகிறது. எதை எடுப்பது?

கூட்டாசிரியர் வலைப்பின்னலை வாஸ்வியூவர் என்ற மென்பொருளில் வரைந்தேன். யார் யாரோடு எழுதினார் என்பது தெரிகிறது. யார் எந்த வேலையைச் செய்தார் என்பது தெரியவில்லை. அதை அறிக்கையில் காட்ட நீங்கள் கையாளும் முறை என்ன? மாதிரி இருந்தால் பகிருங்கள்.