ஸ்காட்லாந்து விவகாரக் குழுவுக்கு எழுத்துமூல சாட்சியம்: எது அங்கே எடுபடும், எது எடுபடாது?

வடகரை கேட்டது

எங்கள் சங்கத்தின் சார்பில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் ஸ்காட்லாந்து விவகாரத் தெரிவுக்குழுவுக்கு எழுத்துமூல சாட்சியம் அனுப்பலாம் என்று பேச்சு. வரைவில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன: மருத்துவமனைக் காத்திருப்புப் பட்டியல், வேலை விசாவின் சம்பள வரம்பு, லண்டனிலிருந்து எடின்பரோவுக்குப் போகும் மானியக் கணக்கு. மூன்றையும் ஒன்றாகப் போடலாமா? குழு அறிக்கை வெளியிட்டால் அரசு அதன்படி நடந்தாக வேண்டுமா?

மன்றவாசல்

ஒன்றாகப் போடாதீர்கள். ஸ்காட்லாந்து அரசை விசாரிக்கும் குழு அல்ல இது. ஸ்காட்லாந்து விஷயத்தில் லண்டன் அரசு என்ன செய்கிறது என்று கேட்கும் குழு. காமன்ஸ் சபையின் 152ஆவது நிலையியற் கட்டளைப்படி லண்டன் அரசின் ஒரு துறையான ஸ்காட்லாந்து அலுவலகத்தின் செலவு, நிர்வாகம், கொள்கை ஆகியவற்றை ஆராய்வதே அதன் வேலை. எடின்பரோவில் இருக்கும் ஸ்காட்லாந்து நாடாளுமன்றமான ஹோலிரூட்டுடனான உறவும் அதில் அடக்கம்.

காத்திருப்புப் பட்டியலை எடுத்துவிடுங்கள். சுகாதாரத்தை 1998ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்துச் சட்டம் ஹோலிரூட்டிடம் விட்டுவிட்டது. அதை அங்குள்ள சுகாதாரக் குழுவுக்கு எழுதுங்கள். விசா நேர் எதிர். குடிவரவு அதே சட்டத்தின் 5ஆவது அட்டவணைப்படி லண்டன் கையில். முடிவெடுப்பது உள்துறை அமைச்சு. அதைக் கண்காணிக்கத் தனியாக உள்துறைக் குழு உண்டு. ஆனாலும் ஸ்காட்லாந்தில் அதனால் எந்தத் தொழிலுக்கு எப்படி ஆள் கிடைக்காமல் போகிறது என்று எழுதினால் ஸ்காட்லாந்துக் குழுவும் எடுத்துக்கொள்ளும்.

அடுத்து, எப்போது அனுப்புவது. குழு ஒரு விசாரணையை அறிவிக்கும்போது ஆய்வு வரம்பு என்று சில கேள்விகளை வெளியிடும். அவற்றில் உங்களுக்குத் தெரிந்ததற்கு மட்டும் பதில் எழுதினால் போதும். 3,000 சொல்லுக்கு மேல் போகாதீர்கள். பத்திகளுக்கு எண் போடுங்கள், முதல் பக்கத்தில் சுருக்கம், பிறகு நீங்கள் யார் என்று இரண்டு வரி. பரிந்துரைகளைத் தனியாகப் பிரித்து, எந்த அமைச்சர் எதைச் செய்ய வேண்டும் என்று பெயர் சொல்லி எழுதுங்கள். 'அரசு கவனம் செலுத்த வேண்டும்' என்ற வரியை அறிக்கையில் எடுத்தாள யாராலும் முடியாது.

பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு: முன்பே இணையத்தில் போட்ட கட்டுரையை அப்படியே அனுப்புவது. குழுவுக்கென்று புதிதாக எழுதியது வேண்டும். குழு ஏற்றுக்கொண்டால் அது குழுவின் ஆவணம்; அவர்கள் வெளியிடும் முன் நீங்கள் வெளியிடக் கூடாது. பெயரை மறைக்க வேண்டுமென்றால் அனுப்பும்போதே சொல்லிவிடுங்கள். தனிநபர் வழக்கு, நீதிமன்றத்தில் நிலுவையில் இருப்பது, இரண்டும் வேண்டாம்.

கணக்குப்பிள்ளை

மூன்றில் வலுவானது மானியம்தான். அதைத்தான் பெரும்பாலும் தப்பாக எழுதுகிறார்கள்.

மானியத்தின் அடிப்படை பார்னெட் சூத்திரம். இங்கிலாந்தில் ஒரு துறையின் செலவு *கூடினாலோ குறைந்தாலோ*, அந்த மாற்றத்தை மட்டும் ஒப்பீட்டு விகிதத்தாலும் (அந்தத் துறையின் வேலையில் எவ்வளவு பங்கு ஸ்காட்லாந்தில் ஹோலிரூட்டின் பொறுப்பு என்ற அளவு) மக்கள்தொகைப் பங்காலும் பெருக்குவார்கள். மொத்தச் செலவை அல்ல. இங்கிலாந்து சுகாதாரத்துக்கு 100 மில்லியன் பவுண்டு கூடினால், ஒப்பீடு ஏறக்குறைய முழுமையாக இருப்பதால், ஸ்காட்லாந்துக்கு 10 மில்லியனுக்குச் சற்றுக் குறைவாக வரும். அதைச் சுகாதாரத்துக்கே செலவழிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆகவே 'சுகாதாரத்துக்கு வந்த பணம் எங்கே போனது?' என்ற கேள்வி ஹோலிரூட்டுக்குரியது. 'ஒப்பீட்டு விகிதத்தை ஏன் இப்படி வைத்தீர்கள்?' என்பதுதான் வெஸ்ட்மின்ஸ்டரில், அதாவது லண்டன் நாடாளுமன்றத்தில், கேட்க வேண்டியது. இரு அரசுகளும் ஒப்புக்கொண்ட 2016 நிதிக் கட்டமைப்புக்குப் பிறகு, ஹோலிரூட்டுக்குக் கைமாறிய வருமான வரி போன்றவற்றுக்காக மானியத்தில் கழிவும் உண்டு. அந்தக் கட்டமைப்பு 2023இல் திருத்தப்பட்டது. கழிவைக் கணக்கில் எடுக்காமல் எழுதினால் முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

இங்கே சண்டை எப்படி நடக்கும் என்று பார்க்க வேல்ஸ் விவகாரக் குழுவின் ஹெச்எஸ்2 விவகாரத்தைப் படியுங்கள். அந்த அதிவேக ரயில் பாதை வேல்ஸுக்குள் போகவில்லை. ஆனாலும் கருவூலம் (லண்டன் நிதியமைச்சு) அதை 'இங்கிலாந்து-வேல்ஸ்' திட்டமாக வகைப்படுத்தியது. ரயில் கட்டமைப்பு ஸ்காட்லாந்தில் அங்குள்ள அரசின் பொறுப்பு. வேல்ஸில் அது லண்டனின் பொறுப்பு. அதனால் ஸ்காட்லாந்துக்குப் பங்கு வந்தது, வேல்ஸுக்கு வரவில்லை. 2021 ஜூலையில் குழு அதை இங்கிலாந்துத் திட்டமாக மாற்றச் சொன்னது. அரசு ஏற்கவில்லை. ஆனால் பரிந்துரை எவ்வளவு குறிப்பாக இருந்தது பாருங்கள்: ஒரு வகைப்பாட்டை மாற்று, அவ்வளவுதான். 'வேல்ஸுக்கு அநீதி' என்று மட்டும் எழுதியிருந்தால் 'நன்றி' என்று ஒரு வரியில் முடித்திருப்பார்கள்.

எண்களுக்கு: ஸ்காட்லாந்து அலுவலகத்தின் ஆண்டு மதிப்பீட்டில் 40 பில்லியனுக்கும் மேற்பட்ட மானியம் ஒரே வரியாக இருக்கும், அலுவலகத்தின் சொந்தச் செலவு அதில் தூசி. அந்தத் தொகை எப்படி வந்தது என்பது அங்கே கிடைக்காது. கருவூலத்தின் நிதியளிப்புக் கொள்கை அறிக்கையின் பின்னிணைப்பில் துறைவாரியாக ஒப்பீட்டு விகிதம் இருக்கிறது. அதை மேற்கோள் காட்டுங்கள்.

நடைமேடை

குழுவில் பொருத்தமான விசாரணை எதுவும் திறந்திருக்காவிட்டால் உங்கள் எம்.பி. மூலம் எழுத்துக் கேள்வி போடலாம். ஹோலிரூட்டிடம் விட்டுவிட்டது போன்ற பகிர்ந்தளித்த துறைகளைப் பற்றிய கேள்விகளுக்கு காமன்ஸ் சபையின் 1999 அக்டோபர் 25 தீர்மானம் வரம்பு கட்டியிருக்கிறது. கிளாஸ்கோவில் எத்தனை பேர் அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருக்கிறார்கள் என்று கேட்டால் கேள்வி அலுவலகமே திருப்பி அனுப்பிவிடும். 'ஸ்காட்லாந்து அரசுடன் என்ன பேசினீர்கள்?' என்றால் அனுமதிப்பார்கள். 'அடிக்கடி பேசுகிறோம்' என்று பதில் வரும், ஒரு காசுக்கு உதவாது. இன்ன அறிவிப்பால் இன்ன நிதியாண்டில் மானியம் எவ்வளவு மாறுகிறது என்று கருவூலத்திடம் கேட்கச் சொல்லுங்கள். எண் ஒன்று வந்தே ஆக வேண்டும், அல்லது எண் தர மறுத்தது பதிவாகும்.

வடகரை

நன்றி, காத்திருப்புப் பட்டியலை எடுத்துவிட்டேன். அறிக்கைக்குப் பிறகு என்ன நடக்கும்? எடின்பரோ அமைச்சர்களைக் குழு கூப்பிட முடியுமா?

மன்றவாசல்

அழைக்கலாம், கட்டாயப்படுத்த முடியாது. அவர்கள் பதில் சொல்லக் கடமைப்பட்டது ஹோலிரூட்டுக்கு. சில நேரம் வருவார்கள், சில நேரம் கடிதத்தோடு சரி. ஆகவே உங்கள் வாதம் எடின்பரோ அமைச்சர் வந்து விளக்குவதை நம்பி நிற்கக் கூடாது.

அறிக்கைக்கு அரசு இரண்டு மாதத்துக்குள் பதில் தர வேண்டும் என்பது வழக்கம். பரிந்துரைப்படி நடக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. குழு அமைவதேகூட ஆட்களின் எண்ணிக்கையில் தொங்கியது உண்டு: 1987 தேர்தலில் ஸ்காட்லாந்தின் 72 இடங்களில் ஆளும் கன்சர்வேடிவ் கட்சிக்கு 10தான் கிடைத்தது, குழுவை நிரப்ப ஆளில்லாமல் 1992 வரை அமைக்கவே இல்லை.

பதில் வந்ததும் பரிந்துரை எண்ணையும் பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 'கொள்கையளவில் ஏற்கிறோம்' என்று இருந்து, தேதியோ பொறுப்பான அதிகாரியோ இல்லையென்றால் அது மறுப்புதான். அந்த வரியைக் குறித்துக் குழுச் செயலருக்கு ஒரு பக்கக் கடிதம் போடுங்கள். ஸ்காட்லாந்து அலுவலகத்தின் அமைச்சரான ஸ்காட்லாந்துச் செயலர் அடுத்த முறை சாட்சியம் சொல்ல வரும்போது உறுப்பினர்களுக்குத் தயாரிக்கும் குறிப்புகளில் அது சேர வாய்ப்பிருக்கிறது.