எறும்பின் கறவை மாடா அசுவினி?

குறிஞ்சிப்பாடி தோட்டக்காரர்:
காராமணிக் கொடியின் குருத்தில் சாறு உறிஞ்சும் கருப்பு அசுவினிப் பூச்சி அப்பிக் கிடக்கிறது. இன்று காலை அரை மணி நேரம் குனிந்து பார்த்தேன். எறும்பு ஒன்று வந்து உணர்கொம்பால் அசுவினியின் முதுகை வருடுகிறது. பின்புறத்தில் பளிங்கு மணிபோல ஒரு துளி திரள்கிறது. அதை உறிஞ்சிக்கொண்டு எறும்பு அடுத்ததிடம் போகிறது. அசுவினியைத் தின்னும் பொறிவண்டு நெருங்கினால் துரத்துகிறது. எறும்பு மேய்க்கும் கறவை மாடு என்று இதைச் சொல்வது முழுக்கப் பொருந்துகிறது.

பாகூர் மாட்டுக்காரர்:
நான் ஒப்ப மாட்டேன் ஐயா. பால் கன்றுக்காகத் தாய் சுரப்பது. அந்தத் துளியோ அசுவினியின் கழிவு. செடிச் சாற்றில் சர்க்கரை மிகுதி. மிஞ்சியதைப் பின்வழியே தள்ளிவிடுகிறது. அது படிந்த இலையில் கரும்பூசணம் பிடிக்கும். மாடு மேய்ந்த புல் அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும், சாணமும் வயலுக்குச் சேரும். அசுவினி பிடித்த குருத்து சுருண்டு போகும். இரண்டையும் ஒரே தொழுவத்தில் கட்டாதீர்கள்.

குறிஞ்சிப்பாடி தோட்டக்காரர்:
கறவை என்றது என் தவறு, திருத்திக்கொள்கிறேன். ஒப்புமை மடியில் இல்லை, வயிற்றில் இருக்கிறது. புல்லின் நாரைச் செரிக்கும் நொதி மாட்டுக்குச் சொந்தமாகக் கிடையாது. முதல் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள்தான் அதை உடைத்துக் கொடுக்கின்றன. அசுவினிக்கும் இதே வறுமைதான்: சாற்றில் சர்க்கரை உண்டு, உடல் வளர்க்கும் அமினோ அமிலங்கள் போதாது. குறைவதை ஆக்கித் தருவது அதன் செல்களுக்குள் குடியிருக்கும் புக்நெரா என்ற பாக்டீரியா. அதை மருந்தால் அழித்தால் அசுவினி வளர்ச்சி குன்றி, பெருக முடியாமல் போகிறது. அரிசி மணியளவுகூட இல்லாத பூச்சியும் நானூறு கிலோ மாடும் ஒரே சிக்கலுக்கு ஒரே வழியைக் கண்டிருக்கின்றன. எனக்கு இது பெரிய விஷயம்.

நெய்வேலி மாணவி:
பெருகும் விதத்தையும் பாருங்கள். பசு ஒன்பது மாதத்துக்கு மேல் சுமந்து பெரும்பாலும் ஒரு கன்றுதான் ஈனும். பெண் அசுவினி ஆண் துணையின்றியே குட்டி போடும் என்பதை 1740-இல் சார்லஸ் போனே என்ற ஆய்வாளர் தனியாக வளர்த்துக் காட்டினார். அந்தக் குட்டியின் வயிற்றிலும் பிறக்கும்போதே அடுத்த தலைமுறைக் கரு இருக்கும்.

பாகூர் மாட்டுக்காரர்:
நன்றாகச் சொன்னாய் அம்மா. வயிற்றிலும் வேறுபாடு உண்டு. பிறந்த கன்றுக்கு முதல் வயிறு இன்னும் வேலை செய்யாது. குடித்த பால் நேரே நான்காம் வயிற்றுக்குப் போகும். தாய் நக்குவதிலும் புல்லைக் கடித்துப் பழகுவதிலும்தான் நுண்ணுயிர்கள் வந்து சேரும். அந்த நுண்ணுயிர்களையே பின்னால் மாடு செரித்துப் புரதமாக்கிக்கொள்ளும். அசுவினி தன் கூட்டாளியைத் தாய் வயிற்றிலேயே பெற்றுவிடுகிறது. ஒன்று தேடிச் சேர்த்தது, மற்றது குலச்சொத்து.

குறிஞ்சிப்பாடி தோட்டக்காரர்:
அந்த வேறுபாட்டை ஏற்கிறேன், ஒப்புமையை விடமாட்டேன். கொடியில் பொறிவண்டின் புழு மூன்று கண்டேன், அதனால் மருந்து அடிக்கவில்லை. எறும்புப் புற்று வேலியடியில் இருக்கிறது. நாளை முதல் வேலையாக மேய்ப்பவர்களை அங்கிருந்து கிளப்பப் போகிறேன்.