மறு: "கற்றல் வளைவு" போதாதா? புது இயங்குதளத்தில் பழைய பழக்கம் குறுக்கிடுவதற்கு ஒரு சொல்

அனைவருக்கும் வணக்கம்.

> புதிய இயங்குதளத்துக்கு மாறும்போது வரும் தொடக்கச் சிரமத்துக்குக் "கற்றல் வளைவு" என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. "இதன் கற்றல் வளைவு செங்குத்தானது" என்றால் யாருக்கும் விளங்கும். இன்னொரு சொல் எதற்கு?

விளங்குமா ஐயா? கிடை அச்சில் பயிற்சியையும் நிலை அச்சில் தேர்ச்சியையும் வைத்து வரைந்தால், செங்குத்தாக எழும் கோடு ஒருவர் விரைவாகக் கற்றுக்கொள்கிறார் என்றுதான் காட்டும். பேச்சில் அதையே நேர் எதிராக ஆள்கிறோம். ஆங்கிலத்திலேயே உள்ள குழப்பம் இது; சொல்லுக்குச் சொல் கொண்டுவந்தபோது அதுவும் கூடவே வந்துவிட்டது. போகட்டும், நிலைத்துவிட்ட சொல்லோடு எனக்குச் சண்டை இல்லை. புது இயங்குதளத்தில் நாம் படும் பாட்டில் பெரும்பகுதி கற்றலைச் சேர்ந்ததே அல்ல என்பதுதான் என் மறுப்பு.

விண்டோஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 1995 முதல் திரையின் இடது கீழ் மூலையில் இருந்த தொடக்கப் பொத்தானை (ஸ்டார்ட்) 2012இல் விண்டோஸ் 8 நீக்கியது. சுட்டியை அதே மூலைக்குக் கொண்டுபோய்ச் சொடுக்கினால் சிறு பட்டிக்குப் (மெனு) பதிலாகத் திரை முழுவதையும் செயலிகளைத் திறக்கும் கட்டங்களான ஓடுகள் மூடிக்கொள்ளும். இதில் கற்க என்ன இருக்கிறது? இரண்டு வரியில் சொல்லி முடித்துவிடலாம். ஆனாலும் எதிர்ப்பு ஓயவில்லை. 2013இல் 8.1 பதிப்பில் பொத்தான் திரும்பியது, 2015இல் விண்டோஸ் 10இல் பட்டியும் திரும்பியது. பிறகு 2021இல் விண்டோஸ் 11 அதே பொத்தானைப் பணிப்பட்டையின் நடுவுக்கு நகர்த்தியது. அமைப்புகளுக்குள் போய் இடப்பக்கத்துக்கே மாற்றிக்கொள்ளலாம் என்பது வேறு விஷயம். மாற்றாதவர்களின் கை இன்னும் பழைய மூலைக்குப் போய், இப்போது அங்கே இருக்கும் வானிலையைத் திறந்துகொண்டிருக்கிறது. பொத்தான் நடுவில் இருப்பது அவர்களுக்குத் தெரியாதா என்ன? நன்றாகவே தெரியும்.

> "கைமறதி" எப்படி? எளிய சொல், பேச்சிலும் வரும்.

எளிமை எனக்கும் பிடித்திருக்கிறது, அம்மா. ஆனால் கை எதையும் மறக்கவில்லையே. மறக்க மாட்டேன் என்கிறது, அதுதான் சிக்கல்.

> அப்படியானால் "கைத்தடுமாற்றம்".

கையோடு நின்றால் இதை ஏற்கலாம். ஆப்பிளின் மேக் கணினியில் கோப்பைத் தேர்ந்து என்டர் விசையை அழுத்தினால் கோப்பு திறக்காது, பெயர் மாற்றச் சொல்லி நிற்கும். விண்டோஸிலிருந்து போனவருக்கு இது கைத்தடுமாற்றம்தான். நகலெடுக்கக் கண்ட்ரோல் விசையைத் தேடிச் சுண்டுவிரல் போவதும், அங்கே கமாண்டை அழுத்த வேண்டியது கட்டைவிரல் என்பதும் அப்படியே. ஆனால் சாளரத்தின் சிவப்புப் பொத்தானைப் பாருங்கள். அதை அழுத்தினால் மேக்கில் சாளரம் மூடும், செயலி பெரும்பாலும் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். விண்டோஸில் பழகியவர் கடைசிச் சாளரத்தை மூடினால் செயலியும் முடிந்தது என்று நினைப்பார். கை சரியான பொத்தானைத்தான் அழுத்தியது. இடறியது அவர் மனத்தில் இருந்த கணக்கு. ஆகவே சொல்லில் "கை" இருந்தால் பாதிதான் அடங்கும்.

> உளவியல் பாடநூல்களில் "எதிர்மறைப் பயிற்சி மாற்றம்" என்று இருக்கிறதே. அதையே ஆளலாம்.

பொருளில் மிக நெருங்கி வருவது இதுதான். முன்பு கற்றது பின்பு கற்பதற்கு இடையூறாவதை உளவியலார் நெடுங்காலமாக ஆராய்ந்திருக்கிறார்கள். சார்லஸ் ஆஸ்குட் 1949இல் அதை ஒரு வரைபடப் பரப்பாகவே காட்டினார். சூழல் ஒன்றுபோலவே இருந்து, செய்ய வேண்டியது மட்டும் மாறினால் இடையூறு மிகும் என்பது அதன் சாரம். நம் விவாதத்துக்கு இது முக்கியம். முற்றிலும் வேறான கருவி இவ்வளவு தொல்லை தராது. விண்டோஸ் கணினியிலிருந்து தொடுதிரைக் கைப்பேசிக்குப் போனவர்கள் அங்கே தொடக்கப் பொத்தானைத் தேடவில்லை. ஆனால் ஒரே ஆண்ட்ராய்டுதான், சாம்சங் கைப்பேசிகளின் மூன்று பொத்தான் அமைப்பில் பின்செல்லும் பொத்தான் வலப்பக்கம், கூகுளின் கைப்பேசிகளில் இடப்பக்கம். அதில் இதுவரை இடறாதவர் ஒன்றிலேயே காலம் தள்ளியவராக இருக்க வேண்டும்.

ஆனால் "பயிற்சி மாற்றம்" என்ற தொடரை மென்பொருள் கையேட்டில் எழுதிப் பாருங்கள். பயிற்சித் திட்டத்தை மாற்றிவிட்டார்கள் என்றுதான் படிப்பவர் நினைப்பார். "அமைப்பு மாற்றம்", "பதிப்பு மாற்றம்" என்று ஏற்கெனவே பக்கத்துக்குப் பத்து மாற்றங்கள் கிடக்கும் இடம் அது.

நான் முன்வைப்பது: பழக்கமுரண்.

பழைய பழக்கத்துக்கும் புதிய அமைவுக்கும் இடையில் உள்ள முரண். "இந்தப் பதிப்பில் பழக்கமுரண் அதிகம்", "குறுக்குவிசைகளை மாற்றாததால் பழக்கமுரண் குறைந்தது", "பழக்கமுரணைத் தவிர்க்கப் பக்கம் உருளும் திசையைப் பழையபடி வைத்துக்கொள்ள வழி கொடுங்கள்" என்றெல்லாம் எழுதிப் பார்த்தேன். வேற்றுமை உருபுகளை முனகாமல் ஏற்கிறது. கடைசி எடுத்துக்காட்டு கற்பனை அல்ல. 2011இல் மேக் ஓஎஸ் எக்ஸ் லயன் உருளும் திசையைத் தலைகீழாக்கியபோது, அமைப்புகளில் ஒரு குறியை எடுத்தால் பழைய திசைக்கே திரும்பலாம் என்றும் வைத்திருந்தது. மாற்றத்தைச் செய்துவிட்டுக் கதவையும் திறந்துவைப்பது நல்ல முறை.

இந்தச் சொல்லை நான் விரும்ப இன்னொரு காரணமும் உண்டு, அதில் என் சாய்வு தெரியும். "கற்றல் வளைவு" என்றதும் பயனர் மாணவராகிவிடுகிறார். தேறாவிட்டால் குறை அவருடையது. இங்கே அடிபடுபவரோ பழைய அமைப்பைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டத் தெரிந்தவர். எவ்வளவு தேர்ச்சியோ அவ்வளவு அடி. கணினியையே தொட்டிராத ஒருவரை உட்காரவைத்துப் புதிய பதிப்பைச் சோதித்தால் இந்தச் சிக்கல் வெளியில் வரவே வராது, ஏனென்றால் முரண்படுவதற்கு அவரிடம் பழக்கமே இல்லை. "புதியவர்களுக்கு எளிதாக இருக்கிறது" என்று தயாரிப்பாளர்கள் சொல்வது பொய் அல்ல, ஆனால் அது வேறு கேள்விக்கான விடை.

மாற்றமே கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கைப்பேசியில் பொத்தான்கள் போய் விரல் வீச்சு வந்ததில் எனக்கு வருத்தம் இல்லை, திரை பெரிதானது. நடுவுக்கு நகர்ந்த தொடக்கப் பொத்தானால் என்ன கிடைத்தது என்றுதான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

* * *

மறுமொழி:

ஐயா, விளக்கம் ஏற்புடையது. ஒரு தடை மட்டும். "பழக்கமுரண்" என்றதும் "பழக்கத்துக்கு முரணானது", அதாவது வழக்கத்தில் இல்லாதது என்றே எனக்கு முதலில் பட்டது. விந்தையான வடிவமைப்பு எதையும் பழக்கமுரண் என்று அழைக்கத் தொடங்கிவிட மாட்டார்களா? இன்னொன்று, கை தவறிப் பழைய விசையை அழுத்தும் அந்த ஒற்றை நிகழ்வை என்னவென்று சொல்வது? "எனக்கு இன்று பழக்கமுரண் வந்தது" என்றால் நோய் போலக் கேட்கிறது.

* * *

மறுமொழி:

நோய் போலத்தான் கேட்கிறது, ஒத்துக்கொள்கிறேன். இரண்டையும் பிரித்துவிடலாம். அமைவில் இருப்பது பழக்கமுரண். அதனால் பயனருக்கு நேர்வது பழக்க இடறல். "தொடக்கப் பொத்தானை நகர்த்தியது பழக்கமுரண், வானிலையைத் திறந்துவிட்டது பழக்க இடறல்." தனியே எண்ணிக் கணக்கிட வேண்டியது இடறலைத்தான் என்பதால் சோதனை செய்பவர்களுக்கும் இந்தப் பிரிவு உதவும்.

முதல் தடை பற்றி: விந்தையான வடிவமைப்பைப் பழக்கமுரண் என்று யாராவது எழுதினால், யாருடைய பழக்கத்துக்கு என்று கேட்க வேண்டியதுதான். அந்தக் கேள்விக்கு விடை இருந்தால் சொல் சரி, இல்லாவிட்டால் "புதுமை" என்றோ "கோணல்" என்றோ எழுதிக்கொள்ளட்டும். "கற்றல் வளைவு" அதன் இடத்திலேயே இருக்கட்டும். படத்தொகுப்பு மென்பொருளை முதன்முறையாகத் திறப்பவருக்கு அது பொருந்தும்.

வேறு மறுப்பு இல்லையென்றால் இரண்டு சொற்களையும் விளக்கத்தோடு நம் கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். "பழக்க இடறல்" என்பதைச் சேர்த்து எழுதுவதா பிரித்து எழுதுவதா என்று மட்டும் இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லுங்கள். "பழக்கவிடறல்" என்று சேர்த்தால் "விடறல்" தனியே துருத்திக்கொண்டு தெரிகிறது. என் விருப்பம் பிரித்து எழுதுவதே.