துப்பாக்கி முனைக்கு அருகே நின்ற காதுகள்

ஜோகன்னஸ்பர்க்கில் வசிக்கும் உறுப்பினர்:

ஆப்பிரிக்காவில் வேட்டைக்குச் சென்ற அனுபவங்களைப் பகிரும்போது நாம் எல்லோரும் கொம்பின் நீளத்தையும் குண்டின் எடையையும் பற்றி எழுதுகிறோமே தவிர, காதைப் பற்றி எவரும் எழுதக் காணோம். நான் எழுதுகிறேன், ஏனெனில் என் இடது காதில் 2016ஆம் ஆண்டு ஜூலை மாதத்திலிருந்து ஒரு சில்வண்டு ஓயாமல் கத்திக்கொண்டிருக்கிறது.

நான் கோயம்புத்தூரில் பிறந்து, வேலை நிமித்தமாகத் தென்னாப்பிரிக்காவுக்கு வந்தவன். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் நம் நாட்டில் வேட்டை என்பது பேச்சளவில்கூட இல்லாமல் போய்விட்டதால், இங்கே குளிர்காலம் வந்தால் அலுவலக நண்பர்கள் ரைஃபிளைத் தூக்கிக்கொண்டு பண்ணைகளுக்குக் கிளம்புவதைப் பார்த்து முதலில் திகைத்தேன், பிறகு பழகினேன், பிறகு நானும் போனேன். அது சரியா தவறா என்ற விவாதத்தை வேறோர் இடத்தில் வைத்துக்கொள்ளலாம்.

லிம்போப்போ மாகாணத்தில் வாட்டர்பெர்க் மலைப்பகுதியை ஒட்டிய ஒரு பண்ணையில் எனக்கு இரவலாகக் கொடுக்கப்பட்டது .300 வின்செஸ்டர் மேக்னம் ரைஃபிள். அதன் குழல் முனையில் பக்கவாட்டுத் துளைகளோடு ஓர் உருளை பொருத்தப்பட்டிருந்தது. மசில் பிரேக் என்பார்கள். வெடிவாயுவை நேராக முன்னே போகவிடாமல் பக்கங்களிலும் பின்புறமாகவும் திருப்பிவிடுவதால், தோளில் வாங்கும் உதை வெகுவாகக் குறைகிறது. உதை குறைந்ததை எண்ணி நான் மகிழ்ந்தேனே ஒழிய, அந்த வாயுவோடு ஓசையும் சேர்ந்து என்னை நோக்கியே திரும்பும் என்பது எனக்குத் தோன்றவில்லை.

இரண்டு மணி நேரம் தடம் பார்த்து நடந்த பிறகு, முள் புதருக்குப் பின்னால் ஏறத்தாழ 120 மீட்டர் தூரத்தில் ஓர் ஆண் குடு மான் நின்றது. சாம்பல் நிறப் புதரில் சாம்பல் நிற விலங்கு. முறுக்குக் கொம்பு அசைந்த பிறகே என் கண்ணுக்குத் தெரிந்தது. தடம் பார்ப்பவர் மூன்று கால் தாங்குகோலை என் முன்னே விரித்து, அதன் ஒரு காலைப் பிடித்தபடி குந்தினார். வழிகாட்டி என் இடப்புறத்தில் அரையடி முன்னே நின்று தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டே, "பொறுங்கள், பொறுங்கள், இப்போது" என்று கிசுகிசுத்தார். அந்தக் கிசுகிசுப்பைக் கேட்பதற்காகத்தான் நான் காதுக் கவசத்தைக் கழற்றிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தேன்.

சுட்ட கணத்தில் ஓசை ஓசையாகக் கேட்கவில்லை. யாரோ உள்ளங்கையால் இடது கன்னத்தில் ஓங்கி அறைந்தது போலிருந்தது. வழிகாட்டியின் உதடுகள் அசைந்தன, குரல் வரவில்லை. அவர் மட்டும் கடைசி நொடியில் இரண்டு காதுகளிலும் விரலைத் திணித்துக்கொண்டிருந்தார் என்பதை அப்போதுதான் கவனித்தேன். கீழே குந்தியிருந்தவரின் ஒரு கை தாங்குகோலைப் பிடித்திருந்தது. மறுகை மட்டும் ஒரு காதின் மேல் இருந்தது.

அன்றிரவு குடிலுக்கு வெளியே பூச்சிகள் ஓயாமல் கத்தின. சன்னலைச் சாத்தினேன், நிற்கவில்லை. காலையில் வழிகாட்டியிடம் இதைச் சொன்னபோது அவர் என்னை விநோதமாகப் பார்த்து, "இது ஜூலை மாதம், இரவில் உறைபனி விழுகிறது, எந்தப் பூச்சி கத்தும்?" என்றார்.

ஊர் திரும்பி, தானாகச் சரியாகிவிடும் என்று காத்திருந்து, ஒன்பதாம் நாள்தான் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனேன். வந்திருக்க வேண்டியது முதல் இரண்டு நாட்களிலேயே என்று அவர் கடிந்துகொண்டார். பரிசோதனை வரைபடத்தில் 4,000 ஹெர்ட்ஸ் என்ற உயர்ந்த சுருதிக்கு அருகே கோடு பள்ளத்தில் இறங்குவது போல் இறங்கியிருந்தது. வலது காதிலும் பள்ளம் உண்டு, ஆழம் குறைவு. வலது தோளில் ரைஃபிளை வைத்துச் சுடுபவனின் இடது காதுதான் குழல் முனையை நோக்கி இருக்கும், வலது காதைத் தலையே மறைத்துக்கொள்ளும் என்று அவர் விளக்கினார். இப்போது என் மகள் "காசு" என்று கேட்டாளா "காது" என்று சொன்னாளா என்பதை அவளுடைய முகத்தைப் பார்த்தே முடிவு செய்கிறேன். பெரும்பாலும் காசுதான்.

டர்பனில் வசிக்கும் உறுப்பினர்:

ஐயா, தங்கள் பதிவைப் படித்ததும் என் மேசைக்கு எதிரே அமர்ந்து இதே கதையைச் சொன்ன பலரின் நினைவு வந்தது. செவித்திறன் பரிசோதனை என் தொழில். குளிர்கால வேட்டைப் பருவம் முடிந்ததும் என்னிடம் வருபவர்களில் இடது காதுக்காரர்களே அதிகம்.

எண்களைச் சற்று விளக்கினால் பயன்படும் என்று நினைக்கிறேன். வெடியோசை போன்ற திடீர் ஓசைக்கு 140 டெசிபெல் உச்சம் என்பதை அபாய எல்லையாக வைத்திருக்கிறார்கள். அதற்கு மேல் போனால் ஒரே ஒரு முறை கேட்டாலும் காது நிரந்தரமாகப் பழுதடையக்கூடும். வேட்டை ரைஃபிள்களில் பெரும்பாலானவை சுடுபவரின் காதருகே 155 முதல் 170 டெசிபெல் வரை எழுப்புகின்றன. 140க்கும் 160க்கும் இடையே வெறும் இருபதுதானே என்று எண்ணிவிடக் கூடாது. டெசிபெல் கணக்கில் இருபது கூடினால் ஒலியழுத்தம் பத்து மடங்காகிறது. மசில் பிரேக் இருந்தால் இதன் மேல் இன்னும் 5 முதல் 10 டெசிபெல் வரை கூடலாம், அதுவும் பக்கத்தில் நிற்பவருக்குத்தான் கூடுதலாக விழும்.

உரத்த ஓசை வரும்போது நடுச்செவியிலுள்ள சிறு தசை இறுகி ஓரளவு தடுக்கிறது என்பது உண்மையே. ஆனால் அந்தத் தசை விழித்துக்கொள்வதற்குள் துப்பாக்கியின் வெடியலை வந்து, அடித்து, போயும்விடுகிறது. அடி விழுவது உட்செவியின் நத்தைச்சுருளில் உள்ள மயிர்ச்செல்கள் மீது. ஒரு காதுக்கு வெளிவரிசையில் ஏறத்தாழ 12,000 செல்கள்தான் இருக்கின்றன. பறவைகளுக்கு அவை மீண்டும் முளைக்கின்றன, நமக்கு முளைப்பதில்லை.

பஞ்சை உருட்டி வைத்துக்கொண்டேன், காலித் தோட்டாவைச் செருகிக்கொண்டேன், சிகரெட் வடிகட்டியைத் திணித்தேன் என்றெல்லாம் பழைய வேட்டைக்காரர்கள் பெருமையாகச் சொல்வதுண்டு. பஞ்சு தரும் காப்பு மிகச் சொற்பம். நுரையாலான இயர் பிளக் நல்லது, மலிவானது, ஆனால் பத்தில் எத்தனை பேர் அதைச் சரியாக வைக்கிறார்கள் என்று கேட்டால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். விரல் நுனிகளால் அதைத் திரி போல் மெல்லிதாக உருட்ட வேண்டும். எதிர்ப்பக்கக் கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னும் இழுக்க வேண்டும். அப்போதுதான் வளைந்த காதுக்குழாய் நேராகும். உள்ளே செலுத்திய பிறகு விரலை எடுத்துவிடாமல் அது விரியும்வரை அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். நேர் எதிரே நின்று பார்ப்பவருக்கு பிளக்கின் முனை துருத்திக்கொண்டு தெரிந்தால் அது காதை அடைக்கவில்லை, காதுக்கு அணிகலனாக நிற்கிறது என்று பொருள். பெட்டியின் மேல் 30 டெசிபெல் குறையும் என்று அச்சிட்டிருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். ஆய்வகத்தில் கிடைத்த அந்த எண்ணில் பாதியை மட்டும் கணக்கில் கொள்ளும்படித்தான் நாங்கள் அறிவுறுத்துகிறோம்.

பிளக்கும் வைத்து அதன் மேல் காதுக் கவசமும் அணிந்தால் இரண்டு எண்களும் கூடிவிடாது. பெரிதாக உள்ளதன் மேல் ஏறத்தாழ ஐந்து டெசிபெல்தான் கூடும். ஆனாலும் .375 போன்ற பெரிய ரைஃபிளுக்கு அந்த ஐந்து தேவைப்படும். தொப்பி விளிம்பும் மூக்குக்கண்ணாடியின் காலும் கவசத்தின் ஒட்டுதலைக் கெடுக்கும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

பிரிட்டோரியாவில் வசிக்கும் உறுப்பினர்:

மேலே எழுதிய இருவரோடும் நான் உடன்படுகிறேன், ஆனால் காட்டில் நடந்து பார்த்தவன் என்ற முறையில் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். வேட்டை என்பதில் பாதி, காதால் செய்வது. ஜிம்பாப்வேயில் எருமைத் தடத்தைப் பின்தொடர்ந்து மோப்பானே மரங்களுக்கு இடையே நான் நடந்தபோது, எருமைகள் எங்கே படுத்திருக்கின்றன என்பதை எங்களுக்கு முதலில் காட்டிக்கொடுத்தது அவற்றின் முதுகில் உண்ணி பொறுக்கும் செம்மூக்குப் பறவைகளின் கரகரத்த குரல்தான். அந்தக் குரல் கேட்காமல் இன்னும் முப்பது அடி நடந்திருந்தால் கூட்டத்துக்கு நடுவில் போய் நின்றிருப்போம். குண்டு உடலில் பட்டதா மரத்தில் பட்டதா என்பதும் அந்தத் 'தொப்' என்ற ஓசையில்தான் தெரியும். ஆகவே நாள் முழுவதும் காதை அடைத்துக்கொண்டு நடப்பது நடைமுறைக்கு ஒவ்வாது. ஆபத்தும்கூட.

இதற்கு விடையாகச் சொல்லப்படும் மின்னணுக் காதுக் கவசத்தை மூன்று பருவங்கள் பயன்படுத்தினேன். மெல்லிய ஓசையை ஒலிவாங்கி வழியாகப் பெருக்கித் தரும். ஏறத்தாழ 85 டெசிபெலைத் தாண்டிய ஓசை வந்தால் பெருக்குவதை நிறுத்திவிட்டுச் சாதாரணக் கவசமாகிவிடும். மேடையில் உட்கார்ந்து காத்திருக்கும் வேட்டைக்கு அது அருமையானது. நடக்கும் வேட்டையில் காற்றின் இரைச்சலும் காய்ந்த புல்லின் சரசரப்பும் பூதாகாரமாகக் கேட்கின்றன, ஓசை எந்தத் திசையிலிருந்து வந்தது என்பது குழம்பிப்போகிறது, கன்னத்தை ரைஃபிள் கட்டையில் சாய்க்கும்போது கவசம் இடித்து நகர்ந்து, தேவையான அந்த ஒரு நொடியில் இடைவெளி விட்டுவிடுகிறது. காதுக்குள் பொருத்தும் மின்னணுக் கருவி இந்த இடிபாட்டைத் தவிர்க்கிறது, ஆனால் விலை கொஞ்சம் மிரட்டும்.

இறுதியில் நான் சைலன்சருக்கு மாறினேன். தென்னாப்பிரிக்காவில் அதற்குத் தனி உரிமம் தேவையில்லை என்பதால் பண்ணைகளில் இது சாதாரணமாகிவிட்டது. ஓசையின் மூலத்திலேயே 20 முதல் 30 டெசிபெல் வரை குறைத்துவிடுவதால் சுடுபவர், வழிகாட்டி, தாங்குகோலைப் பிடித்தவர் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் காப்பு கிடைக்கிறது. ஆனால் திரைப்படங்களில் காட்டுவது போல 'புஸ்' என்ற ஒலி மட்டும் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. குண்டு அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலான வேகத்தில் போகிறது. ஆகவே குண்டு எழுப்பும் சாட்டையடி ஓசையை எந்தச் சைலன்சரும் தடுக்காது. அதனால் நான் சைலன்சரோடு இயர் பிளக்கும் வைக்கிறேன். எருமைக்கான கனத்த ரைஃபிள்களில், குறிப்பாக இரட்டைக் குழல் ரைஃபிள்களில், சைலன்சர் மிக அரிது. அங்கே நாம் மீண்டும் நுரைத் துண்டையே நம்ப வேண்டும்.

நமீபியா செல்லவிருக்கும் ஒருவரின் மனைவி:

என் கணவர் வரும் மே மாதம் நண்பர்களோடு நமீபியாவுக்குச் செல்கிறார். "ஒரு வாரத்தில் மூன்று குண்டோ நான்கு குண்டோதான், அதற்கு இவ்வளவா?" என்று கேட்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது?

டர்பனில் வசிக்கும் உறுப்பினர்:

சகோதரி, ஒரு குண்டே போதும் என்பதற்கு முதல் பதிவே சான்று. அவர் மறந்துவிட்ட இன்னொன்றும் இருக்கிறது. வேட்டைக்குப் போகும் முன் முதல் நாளிலேயே, ரைஃபிள் குறி தவறாமல் சுடுகிறதா என்று பண்ணையில் இலக்குப் பலகையை வைத்துச் சுட்டுக்காட்டச் சொல்வார்கள். குறி விலகியிருந்தால் ரைஃபிளின் மேலுள்ள குறிபார்க்கும் தொலைநோக்கியைத் திருகித் திருகி மேலும் பல குண்டுகள் போகும். அந்தச் சுடுமேடைக்குப் பல இடங்களில் தகரக் கூரை போட்டிருப்பார்கள். ஓசை கூரையில் மோதிக் காதுக்கே திரும்பும். நண்பர்கள் நால்வரும் முறை வைத்துச் சுடும்போது, தன் முறைக்காகக் காத்திருப்பவர் கவசத்தைக் கழற்றிவிட்டுப் பேசிக்கொண்டிருப்பார். என்னிடம் வந்தவர்களில் சிலர் காட்டில் அல்ல, அந்தக் கூரையின் கீழ்தான் காதைத் தொலைத்தார்கள். சுடுமேடையில் பிளக், கவசம் இரண்டும் கட்டாயம் என்று அவரிடம் சொல்லிவிடுங்கள்.

ஜோகன்னஸ்பர்க்கில் வசிக்கும் உறுப்பினர்:

எல்லோருக்கும் நன்றி. தாங்குகோலைப் பிடித்தவரைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க எனக்கு மனமில்லை.

அதே பண்ணைக்கு 2018ஆம் ஆண்டு மீண்டும் போனேன். இம்முறை பிளக் இரண்டும் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கின. தடம் பார்ப்பவர் அதே மனிதர். முகமன் கூறினேன், பதில் வரவில்லை. வலப்பக்கம் சென்று கூறியதும் மலர்ந்து சிரித்தார். அந்தப் பண்ணையில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வேலை செய்கிறார். நான் ஆண்டுக்கு மூன்று குண்டு சுடுகிறேன். என்னைப் போன்றவர்கள் வாரந்தோறும் வந்து சுடும் அத்தனைக்கும் அவர் குழல் முனைக்குக் கீழே குந்தியிருக்கிறார். விருந்தினருக்கென்று கூடத்து மேசையில் ஒரு கிண்ணம் நிறைய இயர் பிளக் வைத்திருக்கிறார்கள். அவருக்கு எவரும் ஒன்றைக்கூட நீட்டியதில்லை. நானும் அந்த ஜூலை மாதத்தில் நீட்டவில்லை.

என்னிடமிருந்த மின்னணுக் கவசத்தை அவருக்குக் கொடுத்தேன். அரை நாள் அணிந்துவிட்டுத் திருப்பித் தந்துவிட்டார். புல்லின் ஓசை வேறு மாதிரிக் கேட்கிறது, இதைப் போட்டுக்கொண்டு தடம் பார்க்க முடியாது என்றார். பிரிட்டோரியா நண்பர் எழுதியதைத்தான் அவர் ஒரே வரியில் சொன்னார். கயிறு கோத்த பிளக்கை மட்டும் வாங்கிக்கொண்டார். தாங்குகோல் விரிந்ததும் அவர் இரண்டு காதுகளிலும் பிளக்கை வைத்துக்கொண்டு கட்டைவிரலைக் காட்ட வேண்டும், அதுவரை நான் பாதுகாப்புத் தாழை விலக்குவதில்லை என்று மூவரும் பேசி வைத்துக்கொண்டோம்.

அன்று மாலை ஓர் இம்பாலா மான் நல்ல கோணத்தில் நின்றது. அவர் பிளக்கைத் திரியாக உருட்டினார். காது மடலை இழுத்தார். செருகினார். அழுத்திப் பிடித்தார். பிறகு அடுத்த காது. வழிகாட்டி என்னையும் இம்பாலாவையும் மாறி மாறிப் பார்த்தார். கட்டைவிரல் உயர்ந்தபோது அந்த இடத்தில் புல் மட்டுமே ஆடிக்கொண்டிருந்தது. வழிகாட்டி எதையோ முணுமுணுத்தார், எங்கள் இருவருக்கும் அது கேட்கவில்லை.